சி.சி.யை அளக்கும் அரசும் உயரத்தை அளக்கும் குடும்பங்களும்

2020 மார்ச்சில் மூடப்பட்ட வாகன இறக்குமதிக் கதவு, ஏறத்தாழ ஐந்து வருடங்களின் பின்னர் 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அன்றிலிருந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலிலும் ஒரே பேச்சு. கலியாண வீட்டுப் பந்தியிலும் அதே பேச்சு, செத்தவீட்டு வாங்கிலும் அதே பேச்சு. என்ன கார் வாங்கலாம்? கேட்பவர் உண்மையில் கேட்பதில்லை. முடிவை எடுத்துவிட்டுத்தான் வருகின்றார். "ஜீப் மாதிரி உயரமாக ஒன்று" என்பதே அந்த முடிவு. எஞ்சியிருப்பவை நிறமும் லீசிங் தவணையுந்தான்.

சாதாரண குடும்பமொன்றின் அன்றாடப் பாவனைக்கு இந்த முடிவு தவறானது என்பது என் வாதம். அந்தத் தவறை அயலவரின் பகட்டு தூண்டுகிறது என்பது எல்லோரும் அறிந்த சங்கதி. நமது வரிச் சட்டமும் அதற்குக் குடை பிடிக்கின்றது என்பதைத்தான் எவரும் சொல்வதில்லை.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இலங்கையில் உயரமாக இருக்கும் எதனையும் ஜீப் என்றே அழைத்துப் பழகிவிட்டோம். ஆனால் இன்று விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை ஜீப்பும் அல்ல, காட்டுக்குப் போவதற்கு ஆக்கப்பட்டவையும் அல்ல. சிறிய காரொன்றின் அடித்தளத்தை எடுத்து, அதன்மேல் உயர்ந்த உடலைப் பொருத்தி, சக்கர வளைவுகளில் கறுத்தப் பிளாஸ்ரிக்கை ஒட்டினால் "குறொஸ்ஓவர்" பிறந்துவிடுகிறது. நமது வீதிகளில் மலிந்து கிடக்கும் ஹொண்டா வெசல், ஹொண்டா பிட் காரின் அடித்தளத்திலிருந்து வந்ததே. இங்கே ஒப்பிடும் இரண்டு ஹைபிரிட்டுகளும் பிறந்தது 2013இல். இரண்டினதும் இயந்திரக் கொள்ளளவு 1496 சி.சி. இரண்டிலும் இரட்டைக் கிளச்சுடைய ஏழு கியர்ப் பெட்டி. பெற்றோல் தாங்கியை முன் ஆசனங்களுக்குக் கீழே தள்ளி, பின் ஆசனத்தை மடித்துத் துவிச்சக்கரவண்டியையே ஏற்றக்கூடிய இடத்தை உண்டாக்கிய அந்தக் கெட்டித்தனமும் இரண்டுக்கும் பொது.

இனி வேறுபாட்டைப் பாருங்கள். வெசல், பிட் காரைவிட ஏறத்தாழ 140 கிலோ கூடிய நிறை உடையது. வீட்டில் ஒருவரும் ஏறாத நேரத்திலும் இரண்டு பெரியவர்களைச் சும்மா ஏற்றிக்கொண்டு திரிவதற்குச் சமம். ஜப்பானின் அன்றைய அளவுகோற்படி சாதாரண பிட் ஹைபிரிட்டுக்கு லீற்றருக்கு 33.6 கிலோமீற்றர் என்றும், வெசலுக்கு ஆகக் கூடியது 27 கிலோமீற்றர் என்றும் கணக்குக் காட்டப்பட்டது. இவை ஆய்வுகூடத்து எண்கள். காலி வீதியில் பின்னேரம் ஐந்து மணிக்கு இரண்டுமே இவற்றின் அருகில் வரா. எனினும் ஒரே அளவுகோலால் அளந்தபோது தெரிந்த இடைவெளி அது. இயந்திரத்தின் இசைவு இரண்டிலும் சற்று வேறு என்பது உண்மையே. ஆனால் நிறையும் காற்றை எதிர்க்கும் நெற்றிப் பரப்பும் கூடும்போது அதனை இழுக்கக் கூடிய வலு வேண்டும், கூடிய வலுவுக்குக் கூடிய பெற்றோல் வேண்டும்.

இந்த இரண்டையும் நமது உற்பத்தி வரி எப்படிப் பார்க்கின்றது? பெற்றோல், டீசல், ஹைபிரிட் கார்களுக்கு அது அளப்பது இயந்திரத்தின் கன சென்ரிமீற்றரை. 1496 என்றால் 1496. எவ்வளவு பெற்றோல் குடிக்கும், எவ்வளவு நிறை, எதிரே வரும் பாதசாரியை எந்த உயரத்தில் இடிக்கும் என்ற கேள்விகளெல்லாம் அந்தக் கணக்கில் இல்லை. வாகனத்தின் பெறுமதிக்கு மேலதிகமாகச் சொகுசு வரி இருக்கிறது என்று சிலர் சொல்லக்கூடும். அது விலையை அளக்கிறது, எரிபொருளை அன்று.

வரி எதை அளக்கிறதோ அதற்கேற்ப இயந்திரம் வளையும். இது புதிய செய்தியுமன்று. 1920களிலிருந்து இரண்டாம் உலகப் போர் முடியும்வரை பிரித்தானியா, சிலிண்டரின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் மட்டும் வைத்துக் குதிரைவலுவைக் கணித்துக் காருக்கு வரி விதித்தது. பிஸ்ரன் எவ்வளவு தூரம் ஏறி இறங்குகின்றது என்பதை அச்சூத்திரம் கேட்கவில்லை. விளைவு என்ன? ஆங்கிலேயப் பொறியியலாளர்கள் ஒடுங்கிய சிலிண்டரும் நீண்ட ஓட்டமும் கொண்ட இயந்திரங்களைச் செய்து தள்ளினார்கள். 1948இல் வெளிவந்த முதலாவது மொறிஸ் மைனரின் 918 சி.சி. இயந்திரத்தில் சிலிண்டரின் விட்டம் 57 மில்லிமீற்றர், பிஸ்ரன் ஓட்டம் 90 மில்லிமீற்றர். ஒஸ்ரின் ஏ40இன் 1200 சி.சி. இயந்திரமும் அதே சாதிதான். போருக்குப் பிந்திய பெற்றோல் தரங்குறைந்ததாக இருந்தபடியால் அவற்றின் அமுக்க விகிதமும் குறைவாகவே வைக்கப்பட்டது. வேகமாக ஓடா, ஆனால் கீழ் வேகத்தில் எருதுபோல இழுக்கும்.

அந்த எருதுகளை நன்கு அறிந்தவர்கள் நம்மைப் போல் வேறு எவரும் இல்லை. 1990க்குப் பின்னர் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அருமருந்தாகியபோது, புத்தம்புதிய ஜப்பானியக் கார்கள் கொட்டில்களில் உறங்க, ஒஸ்ரினும் மொறிசும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பதால் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குக் காட்டி, இயந்திரம் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்க விகிதம் கூடிய புதிய இயந்திரங்களில் மண்ணெண்ணெயை ஊற்றினால் அது உரிய வேளைக்கு முன்னரே பற்றி இயந்திரத்தை அடித்து நொருக்கும். பழையவை சகித்துக்கொண்டன. இலண்டனின் வரிச் சூத்திரமும் போர்க்காலத்துக் கெட்ட பெற்றோலும் சேர்ந்து பெற்ற பிள்ளைகள், அரை நூற்றாண்டின் பின்னர் நமது நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் ஆஸ்பத்திரிக்குச் சுமந்தன. இதை வரலாற்றின் பகிடி என்பதா, கருணை என்பதா?

இந்தியாவின் கதை இன்னும் வேடிக்கையானது. 2006 வரவுசெலவுத் திட்டத்தில், நான்கு மீற்றருக்கு உட்பட்ட, சிறிய இயந்திரம் கொண்ட கார்களுக்கு உற்பத்தி வரி குறைக்கப்பட்டது. உடனே செடான்களின் வாலை வெட்டத் தொடங்கினார்கள். 2012இல் வந்த மாருதி டிசையரின் நீளம் 3995 மில்லிமீற்றர். எல்லைக் கோட்டுக்கு ஐந்து மில்லிமீற்றர் இப்பால்! அமெரிக்காவில் எரிபொருட் சிக்கன விதிகள் "இலகு டிறக்" வகைக்குச் சலுகை காட்டியபடியால், குடும்பக் கார்களெல்லாம் டிறக் வேடம் பூண்டன. இன்று உலகம் முழுவதும் பரவியிருக்கும் உயரப் பித்தின் ஊற்றுக்கண்களில் அதுவும் ஒன்று. சர்வதேச எரிசக்தி முகவரகத்தின் கணக்குப்படி 2023இல் உலகில் விற்ற கார்களில் 48 சதவீதம் இந்த உயர்ந்த வகை.

நம் நாட்டில் சி.சி. வரி பெற்ற பிள்ளை, ஆயிரம் சி.சி.க்கு ஒரு மயிரிழை குறைந்த டேர்போ இயந்திரம். டொயோட்டா ரைஸ் அதற்கு உதாரணம்: 996 சி.சி., மூன்று சிலிண்டர், 98 குதிரைவலு. அதே குடும்பத்து 996 சி.சி. இயந்திரம் டேர்போ இல்லாமல் விட்ஸ் காரில் 69 குதிரைவலுவுடன் ஓடியது. இடைவெளியான 29 குதிரைகள் எங்கிருந்து வந்தன? வெளியேறும் புகையால் சுழலும் சிறு விசிறி, நிமிடத்திற்கு இலட்சத்திற்கு மேற்பட்ட சுற்றுகள் சுழன்று அதிகக் காற்றை உள்ளே திணிக்கின்றது. காற்றுக் கூடினால் பெற்றோல் கூடும், பெற்றோல் கூடினால் வெப்பம் கூடும். வரிச் சட்டத்தின் கண்ணில் இரண்டும் 996தான். டேர்போ கெட்டதென்று நான் சொல்லவரவில்லை. மலையேற்றத்தில், நாலு பேருடன் ஹப்புத்தளைக்கு ஏறும்போது அதன் அருமை தெரியும். ஆனால் அதன் உயிர் எண்ணெயில் இருக்கின்றது. குறித்த காலத்தில், குறித்த தரத்து எண்ணெயை மாற்றாமல் "இன்னுமொரு ஆயிரம் ஓடட்டும்" என்று தள்ளிப்போடும் நமது பழக்கத்தை மாருதி 800இன் 796 சி.சி. இயந்திரம் மன்னித்தது. டேர்போ மன்னிக்காது. பத்து வருடத்துக்கு ஒரு கார் வாங்கி, அதைப் பின்னர் தம்பிக்கோ மருமகனுக்கோ கைமாற்றும் குடும்பத்திற்கு இது சிறிய விடயமன்று.

2022ஐ இவ்வளவு விரைவில் எப்படி மறந்தோம் என்பதே எனக்கு விளங்காத புதிர். அந்த ஆண்டின் தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த ஒக்டேன் 92 பெற்றோல் ஜூன் மாதக் கடைசியில் 470 ரூபாவாகியது. எரிபொருள் நிலையங்களின் முன்னால் இரவு பகலாகக் காத்துக் கிடந்தோம். வரிசையில் நின்றபடியே சிலர் உயிர்விட்டார்கள். பின்னர் கியூ.ஆர். அட்டை வந்தது, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். லீற்றருக்கு 18 கிலோமீற்றர் ஓடும் காருக்கு அது 360 கிலோமீற்றர். எட்டு ஓடும் பெருவாகனத்துக்கு 160. அன்று வாகன் ஆர் வைத்திருந்தவர் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கும் ரியூசனுக்கும் கொண்டுபோனார். பெரிய ஜீப்காரர் அதைப் போர்வையால் மூடிவிட்டு முச்சக்கரவண்டியைத் தேடினார்.

1956இல் சுயெஸ் நெருக்கடியால் பிரித்தானியாவில் பெற்றோல் பங்கீட்டு முறை வந்தது. அதைக் கண்ட பிரித்தானிய மோட்டார் நிறுவனம், மொறிஸ் மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிசிடம் மிகச் சிறிய காரொன்றைச் செய்யச் சொன்னது. மூன்று வருடத்தில் மினி பிறந்தது. 848 சி.சி. இயந்திரத்தைக் குறுக்காகத் திருப்பி வைத்து, சக்கரங்களை நான்கு மூலைகளுக்கும் தள்ளி, பத்தடி நீளத்துக்குள் நாலு பேரையும் சாமான்களையும் அடக்கினார் அவர். இன்றைய சிறு கார்களெல்லாம் அந்தக் குறுக்கு இயந்திரத்தின் பேரப்பிள்ளைகள். ஒரு தட்டுப்பாடு அங்கே அறிவைப் பெற்றது. நமது தட்டுப்பாடு ஒரு கியூ.ஆர். அட்டையைப் பெற்றது. கதவு திறந்ததும் பழையபடி உயரத்தை அளக்கத் தொடங்கிவிட்டோம்.

உயரத்துக்காக வாதாடும் அன்பர்களின் நியாயங்களைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. முழங்கால் நோவுள்ள அம்மாவுக்குத் தாழ்ந்த காரில் ஏறி இறங்குவது கஷ்டம் என்கிறார்கள். முற்றிலும் உண்மை. ஆனால் அம்மாவுக்கு வேண்டியது ஆசனத்தின் உயரம். காரின் வயிற்றுக்கும் நிலத்துக்கும் இடையிலான உயரத்தால் அவவுக்கு என்ன பயன்? 1993இல் வந்த சுசுகி வாகன் ஆர் செய்த காரியம் இதுதான். ஜப்பானின் சிறுகார்ச் சட்டம் இன்று அனுமதிக்கும் 3.4 மீற்றர் நீளம், 1.48 மீற்றர் அகலம், 660 சி.சி. என்ற கட்டுக்குள், உடலை மேல்நோக்கி வளர்த்து, கதிரையில் இருப்பதுபோல் நிமிர்ந்து இருக்கச் செய்தது. முதியவர்களுக்கு அதைவிட வசதியான ஏற்றம் பல பெரிய ஜீப்புகளிலும் இல்லை. அதற்கும் குறையுண்டு. அதிவேக நெடுஞ்சாலையில் நூறு கிலோமீற்றரில் போகும்போது அந்தச் சின்ன இயந்திரம் இரையும், பக்கக் காற்றுக்கு உடல் அசையும். ஒவ்வொரு கிழமையும் காலிக்கோ மாத்தறைக்கோ போய்வருபவருக்கு நான் அதைச் சிபார்சு செய்யமாட்டேன்.

வன்னியின் உட்பாதைகளில் அன்றாடம் திரியும் கமக்காரருக்கும் வைத்தியருக்கும் நிலத்திலிருந்து உயர்ந்த வாகனம் தேவைதான். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. வெள்ளவத்தை ஒழுங்கையிலிருந்து புறப்பட்டுப் பம்பலப்பிட்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வருபவருக்கு எந்த ஆற்றைக் கடக்க வேண்டியிருக்கிறது?

"குடும்பம் முழுக்க நல்லூர்த் திருவிழாவுக்குப் போக வேண்டுமே" என்பது அடுத்த நியாயம். வருடத்தில் நாலு நாள் பாவனைக்காக மற்றைய நாட்களெல்லாம் ஏழு ஆசனத்தைச் சுமப்பது, கலியாணத்துக்கு வாங்கிய கிடாரத்தில் தினமும் தேத்தண்ணி வைப்பதற்குச் சமம். அந்த நாலு நாளுக்கு ஹையேஸ் வானொன்றை வாடகைக்குப் பிடித்தால் சாரதியும் சேர்ந்து வருவார். உண்மையில் சாமான் ஏற்றவும் நீட்டி நிமிரவும் ஏற்ற உடல் வடிவம் வேறொன்று இருந்தது: நிசான் ஏ.டி., கொறொல்லா போன்றவற்றின் வாகன் வடிவம். காரின் தாழ்வும் வானின் வயிறும் உடையது. "சாமான் ஏற்றும் வண்டி" என்று பெயர் வைத்து நாமே அதை ஒதுக்கிவிட்டோம். எனக்கு அதில் இன்றும் மனவருத்தம் உண்டு.

ஆகப் பெரிய நியாயமாகச் சொல்லப்படுவது பாதுகாப்பு. யாருடைய பாதுகாப்பு? அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவகம் ஏறத்தாழ 18,000 பாதசாரி விபத்துக்களை ஆராய்ந்து 2023இல் வெளியிட்ட முடிவின்படி, பொனற் உயரம் ஒரு மீற்றரைத் தாண்டிய வாகனங்கள், தாழ்ந்து சரிந்த பொனற் உடைய கார்களைவிடப் பாதசாரியைக் கொல்லும் சாத்தியம் ஏறத்தாழ 45 சதவீதம் கூடியது. காரணம் எளியது. தாழ்ந்த கார் காலில் இடித்து மனிதனைப் பொனற்றின்மேல் சரிக்கும். உயர்ந்தது நெஞ்சிலும் தலையிலும் இடித்துக் கீழே தள்ளும். எல்லாக் குறொஸ்ஓவரும் அந்த உயரத்தை எட்டுவதில்லை, ஆனால் நாம் பெருமையாக ஏறி அமரும் பெரிய ரகங்கள் எட்டும். நடைபாதையே இல்லாத நமது வீதிகளில், பாடசாலை வாசலில், ஐந்து வயதுப் பிள்ளையின் தலை எந்த உயரத்தில் இருக்கிறது என்று ஒருமுறை அளந்து பாருங்கள். உள்ளே இருக்கும் நமது பிள்ளைக்கு வாங்கிய பாதுகாப்பு, வெளியே நிற்கும் இன்னொருவர் பிள்ளையிடமிருந்து எடுத்தது.

கனடாவில் வாழும் உறவினர்கள் பனியைக் காட்டுவார்கள். நாலு சக்கரமும் இழுத்தால் பனியில் புறப்படுவது இலகு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிற்பதற்கு அது உதவாது. பிறேக் எல்லாக் காரிலும் நாலு சக்கரத்துக்குந்தான் இருக்கின்றது. நிறுத்துவது ரயர். கியூபெக் மாகாணம் 2008இல் சட்டமாக்கியது பனிக்கால ரயரைத்தான், உயர்ந்த காரையல்ல. பாரிசில் லாச்சப்பல் பக்கம் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு வேறு பாடம் கிடைத்திருக்கும். 2024 பெப்ரவரியில் அந்நகர வாக்காளர்கள், பாரமான கார்களுக்குத் தரிப்பிடக் கட்டணத்தை மும்மடங்காக்க இணங்கினார்கள். அவ்வாண்டு ஒக்டோபரிலிருந்து 1.6 தொன்னுக்கு மேற்பட்ட பெற்றோல், ஹைபிரிட் கார்களும் 2 தொன்னுக்கு மேற்பட்ட மின்கார்களும் வெளியாருக்குச் சொந்தமானவையெனில், மத்திய பாரிசில் மணிக்கு 18 யூரோ கட்டுகின்றன.

அப்படியானால் எந்த இயந்திரம்? டீசலை முதலில் தள்ளிவிடுவோம். நீண்ட தூரம் ஓடுபவருக்கும் பாரம் ஏற்றுபவருக்கும் அது இன்றும் நல்ல வேலைகாரன். ஆனால் புதிய டீசல் கார்களிலுள்ள புகைக்கரி வடி, நெடுந்தூர ஓட்டத்தின் வெப்பத்தில்தான் தன்னைத்தானே எரித்துச் சுத்தமாக்கிக்கொள்ளும். மூன்று கிலோமீற்றர் போய் நிற்கும் பள்ளிக்கூட ஓட்டத்தில் அது அடைபட்டுச் செலவு வைக்கும். வடி இல்லாத பழைய டீசலின் புகையோ, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் புற்றுநோய்க் காரணியென வகைப்படுத்திய ஒன்று.

மின்கார், சொந்த முற்றமும் கூரையில் சூரியத் தகடும் உள்ளவருக்கு அருமையானது. மாடிக் குடியிருப்பின் ஆறாம் தளத்திலிருந்து வயரை இறக்க முடியாதவருக்கு அது இன்னும் தலையிடிதான். முதலாவது நிசான் லீபின் பற்றரிக்குக் குளிரூட்டும் திரவ ஏற்பாடு இருக்கவில்லை. வெப்ப நாடுகளில் அதன் கொள்ளளவு விரைவாகத் தேய்ந்ததை வாங்கியவர்கள் அனுபவித்தார்கள். புதியவற்றில் அந்தக் குறை பெரும்பாலும் நீங்கிவிட்டது. மின்காருக்கு நமது அரசு அளப்பது மோட்டாரின் கிலோவாட்டை. 2025இல் துறைமுகத்தில் இறங்கிய கார்களின் மோட்டார் 100 கிலோவாட்டா 150 கிலோவாட்டா என்று சுங்கத் திணைக்களத்தில் எழுந்த பிணக்கு, அளவுகோல் எதுவோ அங்கேயே கள்ளமும் குடியேறும் என்ற சந்தேகத்துக்கு ஒரு சாட்சி.

கொழும்பு ஓட்டத்துக்கு என் தெரிவு தாழ்ந்த உடலில் பொருத்திய ஹைபிரிட். அக்வாவோ, பிட்டோ, பிரியஸோ. நெரிசலில் நிற்கும்போது இயந்திரம் அணைகிறது. பிறேக் போடும்போது வீணாகும் சக்தியில் ஒரு பங்கு பற்றரிக்குத் திரும்புகிறது. 2015இல் வந்த பிரியஸின் இயந்திரம், பெற்றோலின் சக்தியில் 40 சதவீதம் வரை வேலையாக மாற்றும் என்று உற்பத்தியாளர் சொன்னார். சாதாரண பெற்றோல் இயந்திரங்கள் அதை எட்டுவதில்லை. பாவித்த ஹைபிரிட்டை வாங்குபவர் பற்றரியைப் பரிசோதிக்காமல் பணத்தைக் கொடுக்கக்கூடாது. பின் ஆசனத்தின் பக்கத்திலிருக்கும் காற்று வாயிலைப் புத்தகப் பையாலும் தலையணையாலும் அடைத்துவிட்டு, பற்றரி செத்துவிட்டதே என்று அழுவதிலும் பயனில்லை. கிழமைக்கு ஐம்பது கிலோமீற்றர்கூட ஓடாத யாழ்ப்பாணத்து ஓய்வூதியருக்கு ஹைபிரிட்டும் வேண்டாம். டேர்போ இல்லாத ஆயிரம் சி.சி. விட்ஸோ ஓல்ட்டோவோ போதும். சந்தியிலுள்ள கராஜிலேயே திருத்தலாம்.

இவற்றையெல்லாம் பத்திரிகைகளின் மோட்டார்ப் பக்கங்கள் ஏன் எழுதுவதில்லை என்று கேட்பீர்கள். விளம்பரதாரர் அனுப்பும் அறிக்கைக்குத் தலைப்பு மாத்திரம் போடும் பக்கத்தில் இவை எப்படி வரும்? நான் மேசையில் இருந்த காலத்திலும் அந்தப் பக்கத்தின் உண்மையான ஆசிரியர் விளம்பரப் பகுதியில்தான் இருந்தார்.

சி.சி. வரியை விட்டால் வேறு எதை அளப்பது என்று திறைசேரி கேட்கலாம். பிரான்ஸ் 2022இலிருந்து 1,800 கிலோவுக்கு மேற்பட்ட புதிய கார்களுக்கு ஒவ்வொரு கிலோவுக்கும் தண்டம் விதித்தது. 2024இல் அந்த எல்லையை 1,600க்கு இறக்கியது. கிலோவை அளப்பதற்குப் புதிய திணைக்களமோ ஆணைக்குழுவோ தேவையில்லை. நம் ஒவ்வொருவருடைய வாகனப் பதிவுச் சான்றிதழிலும் வெற்று நிறை எவ்வளவு என்று ஒரு கட்டத்தில் ஏற்கெனவே அச்சடித்திருக்கிறார்கள்.